அரண்மனை இல்லாத ஊர்ல எதைச் சுத்திப் பார்க்கிறது?

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்டில் இருந்து ஆரம்பிக்குது. சென்னையில் இருந்து ஒரு நேயர் அனுப்பியிருந்தாங்க: "அண்ணா, அடுத்த மாசம் ரெண்டு நாள் கோவை வர்றோம். மைசூர்னா அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவன் கார்டன்னு ஒரு லிஸ்ட் இருக்கு. உங்க ஊர்ல அந்த மாதிரி என்னண்ணா இருக்கு?"

கோவைக்காரங்ககிட்ட இதைக் கேட்டா என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும். "ஊட்டி போங்க." "வால்பாறை போங்க." "டாப்ஸ்லிப் போனீங்களா?" கவனிச்சீங்களா? எல்லாமே ஊரை விட்டு வெளியே போற வழி. ஊருக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டா, அன்னபூர்ணா சாம்பாரோட பேச்சு நின்னுரும். சாம்பார் நல்லாத்தான் இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனா அது ஒரு ஊருக்கான முழுப் பதில் இல்லைங்களே.

என் பதில் இது. கோவையில் பார்க்க நிறைய இருக்கு, ஆனா அது தனித்தனி ஸ்பாட்டா இல்லை. ஒரே கோட்டில் இருக்கு. அந்தக் கோடு நொய்யல். மேற்கே மலையில் இருந்து கிழக்கே தண்ணி போற வழியில் நீங்களும் போனீங்கன்னா கோயில், தோட்டம், கோட்டை, மில் எல்லாம் ஏன் அந்தந்த இடத்தில் இருக்குன்னு புரியும். இன்னிக்கு அந்த வழியிலதான் போகப் போறோம்.

அரண்மனை எங்கே போச்சு?

முதல்ல அரண்மனை விஷயத்தை முடிச்சிருவோம். அரண்மனை வேணும்னா ராஜா அந்த ஊர்ல குடியிருக்கணும். கொங்குச் சோழர்கள்னு ஒரு மரபு இந்தப் பக்கம் ஆண்டிருக்காங்க. அவங்க பேர் கோயில் கல்வெட்டுகள்ல இருக்கு, அரண்மனை ஒன்னும் மிஞ்சல. அதுக்குப் பின்னாடி வந்தவங்க எல்லாம் தூரத்தில் இருந்து ஆண்டவங்க. நாயக்கர் காலத்தில் அதிகாரம் மதுரையில். அதுக்கப்புறம் மைசூர். ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டினம். 1799-ல் திப்பு இறந்த பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி. அப்போ முடிவு எடுக்கிற இடம் இன்னும் தூரமாப் போச்சு, லண்டன் வரைக்கும்.

கோவை இவங்களுக்கெல்லாம் எல்லையில் இருக்கிற ஊர். எல்லையில் அரண்மனை கட்ட மாட்டாங்க, கோட்டை கட்டுவாங்க. இங்கேயும் ஒரு கோட்டை இருந்துச்சு. மூணாவது மைசூர்ப் போரில் 1790-ல் கம்பெனிப் படை அதைப் பிடிச்சுது, 1791 கடைசியில் திப்புவோட படை திரும்பப் பிடிச்சுது. இன்னிக்கு அந்தச் சுவர் இல்லை. உக்கடம் பக்கத்தில் கோட்டைமேடுன்னு பேர் மட்டும் இருக்கு, கோட்டை ஈஸ்வரன் கோயில் இருக்கு. பஸ்ஸில் "கோட்டைமேடு இறங்குங்க"ன்னு கண்டக்டர் சொல்றாரே, அதுதான் மிச்சம்.

சரி, எல்லை ஊருக்கு ஏன் இத்தனை அடிதடி? பதில் மேப்பில் இருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பெரிய காம்பவுண்டுச் சுவர் மாதிரி வடக்கு தெற்கா ஓடுது. அந்தச் சுவரில் ஒரே ஒரு பெரிய கேட்டுதான் இருக்கு. பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலம். அரபிக் கடல் பக்கம் இருந்து தமிழ்நாட்டுச் சமவெளிக்கு வண்டி கட்டி வரணும்னா அதுதான் வழி. அந்தக் கேட்டைத் தாண்டினதும் வர்ற முதல் பெரிய ஊர் கோவை.

இந்த வழி எவ்வளவு பழசுன்னு பாருங்க. சுண்டக்காமுத்தூர் பக்கம் ஒரு பாறையில் 'ராஜகேசரிப் பெருவழி'ன்னு சோழர் காலக் கல்வெட்டு இருக்கு. தமிழ், வட்டெழுத்து ரெண்டு எழுத்திலும் வெட்டியிருக்காங்க. ரெண்டு பக்கத்து ஆளும் படிக்கணும்னு வெச்ச போர்டுன்னு நான் எடுத்துக்கிறேன். இன்னிக்கு வாளையார் செக்போஸ்ட் தாண்டினதும் மலையாளத்திலும் தமிழிலும் போர்டு வருதில்ல, அதோட தாத்தா.

இன்னும் பின்னாடி போலாம். வெள்ளலூர்னு சொன்னா இன்னிக்குக் கோவைக்காரங்களுக்கு மாநகராட்சிக் குப்பைக் கிடங்குதான் ஞாபகம் வரும். அதே வெள்ளலூரில் 1842-ல் இருந்து பல தடவை ரோமானிய வெள்ளிக் காசுகள் பானையோட கிடைச்சிருக்கு. அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் போட்ட காசு. அதாவது ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி ரோமானியப் பேரரசில் அடிச்ச பணம். வெள்ளலூர் எங்கே இருக்கு? நொய்யல் கரையில். அதே ஆத்தில் கிழக்கே போனா சென்னிமலை பக்கம் கொடுமணல். அங்கே 1980கள்ல இருந்து நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கின உலைகள், கல்மணி செஞ்ச பட்டறைகள், தமிழி எழுத்துப் பொறிச்ச பானை ஓடுகள் எல்லாம் வந்துச்சு. பதிற்றுப்பத்து 'கொடுமணம்'னு சொல்ற ஊர் இதுதான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

ஆக இது ஒரு பாதையும் ஒரு ஆறும் சேர்ந்து உண்டாக்கின நாடு. ராஜா மாறிக்கிட்டே இருந்தாங்க. பாதையும் ஆறும் அப்படியே இருந்துச்சு. அதனால இங்கே நினைவுச்சின்னம் தேடுறவங்க சிம்மாசனத்தைத் தேடக் கூடாது, மதகைத் தேடணும்.

மதகுன்னா என்ன? கொஞ்சம் இன்ஜினியரிங்

கோவை மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவக்காத்து மலையில் முட்டி, கேரளாப் பக்கமே தண்ணியைக் கொட்டிட்டு, இந்தப் பக்கம் வெறும் காத்தா வருது. அதனாலதான் நமக்கு அந்த ஜில்லுனு கிளைமேட். ஆனா ஊருக்குள்ள வருஷ மழை சுமார் 600, 700 மில்லிமீட்டர்தான். ஒரு பெரிய ஊர் விவசாயம் பண்ணிப் பொழைக்க அது போதாது.

மலை உச்சியில் கதை வேற. வெள்ளியங்கிரி மலையில் நல்ல மழை. அங்கே இருந்து இறங்குற ஓடைகள் சேர்ந்துதான் நொய்யல். பழைய பேர் காஞ்சி மாநதி. கோவை, திருப்பூர், ஈரோடு வழியா சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல்ங்கிற ஊர்கிட்டயே காவிரியில் சேருது.

பிரச்சனை என்னன்னா இந்த ஆறு வருஷம் பூரா ஓடாது. மலையில் மழை பெஞ்சா திடீர்னு வெள்ளம், நாலு நாளில் வடிஞ்சிரும். சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குச் சொல்லணும்னா, டிராஃபிக் முழுக்க ஒரே நேரத்தில் வருது, மீதி நேரம் சர்வர் சும்மா இருக்கு. நாம என்ன செய்வோம்? நடுவுல ஒரு பஃபர் வெப்போம். வர்றதை வாங்கி வெச்சுக்கிட்டு மெதுவா அனுப்புவோம். பழைய ஆளுங்களும் அதேதான் செஞ்சாங்க, கல்லும் மண்ணும் வெச்சு.

மூணு பாகம். முதல்ல அணைக்கட்டு. மேட்டூர் மாதிரி பெரிய அணை இல்லைங்க. ஆத்துக்குக் குறுக்கே இடுப்பளவு, ஆளளவு உயரத்தில் ஒரு கல் தடுப்பு. அது தண்ணியை நிறுத்தாது. மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பக்கவாட்டில் திருப்பி விடும். மீதி தடுப்புக்கு மேல வழிஞ்சு ஆத்தோட போயிரும்.

ரெண்டாவது வாய்க்கால். திரும்பின தண்ணியைப் புவியீர்ப்பிலேயே கொண்டு போற ராஜவாய்க்கால். பம்ப் கிடையாது, கரண்ட் கிடையாது. கிலோமீட்டர் கணக்கில் நிலத்தோட சரிவை நூல் பிடிச்ச மாதிரி பிடிக்கணும்.

மூணாவது குளம். ஒரு பக்கம் மண்கரை, தண்ணி வர்ற வாய், வயலுக்குத் திறக்கிற மதகு, நிரம்பினா வழியிற கலிங்கு. ஒரு குளத்துக் கலிங்கில் வழியிறது அடுத்த குளத்துக்குப் போகும். கடைசிக் குளம் நிரம்பினா திரும்ப ஆத்துக்கே. நொய்யல் மேல இந்த மாதிரி இருபதுக்கும் மேற்பட்ட அணைக்கட்டுகள் இருக்கு.

பேர் சொல்றேன், கேட்டிருப்பீங்க. சித்திரைச்சாவடி அணைக்கட்டு வாய்க்காலில் கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம்னு சொல்ற குமாரசாமி குளம். இன்னொரு பக்கம் செல்வசிந்தாமணி, அதுக்கடுத்து உக்கடம் பெரியகுளம், அதுக்கடுத்து வாலாங்குளம். கிழக்கே சிங்காநல்லூர், அப்புறம் சூலூர். இது குளங்களோட லிஸ்ட் இல்லை, ஒரே சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தா கீழ இருக்கிற எல்லாத்துக்கும் அடி. நம்ம பாஷையில் டிபென்டன்சி.

பேரூர்: வயலில் இறங்கின சாமி

ஊருக்கு மேற்கே ஆறேழு கிலோமீட்டரில் நொய்யல் கரையில் பேரூர் பட்டீஸ்வரர் கோயில். மரபுப்படி கரிகால் சோழனோட சேர்த்துச் சொல்ற கோயில். 'மேலைச் சிதம்பரம்'னு இன்னொரு பேர். கச்சியப்ப முனிவர் பாடின பேரூர்ப் புராணம் இதுக்குத்தான்.

உள்ளே நேரா கனகசபைக்குப் போங்க. 17-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் மரபைச் சேர்ந்த அளகாத்ரி நாயக்கர் கட்டினது. அதே காலத்தில்தான் மதுரையில் திருமலை நாயக்கர் மகால் எழும்புச்சு. ஒரே ஆட்சி. அவங்க தலைநகரில் அரண்மனை கட்டினாங்க, நம்ம ஊரில் மண்டபம் கட்டினாங்க. "கோவையில் ஏன் அரண்மனை இல்லை"ங்கிற கேள்விக்கு இதைவிடக் கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி பதில் கிடையாது.

தூண்கள்ல ஊர்த்துவ தாண்டவர், பிட்சாடனர், யானையை உரிச்சுப் போர்த்தின கோலம், வீரபத்திரர் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேல நிக்கிறாங்க. விரல் நகம், காலில் புடைச்ச நரம்பு வரைக்கும் கல். தலையைத் தூக்கிப் பார்த்தா ஒரே கல்லில் கோத்த சங்கிலி தொங்கும். ரீல் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு பாருங்க.

எனக்கு இந்தக் கோயிலில் ரொம்பப் பிடிச்சது ஒரு கதை. சுந்தரர் பொருள் கேட்டு வர்றார். சிவன்கிட்ட அன்னிக்குக் கொடுக்க ஒன்னும் இல்லை. அதனால பார்வதியோட வயலுக்குப் போய், பள்ளர் வேஷத்தில் நாத்து நட ஆரம்பிச்சிடறார். "எங்க போயிருக்கேன்னு சொல்லாதே"ன்னு நந்திகிட்டச் சொல்லிட்டுத்தான் போறார். நந்தி வாயைத் திறக்கல, ஆனா கண்ணாலயே காட்டிக் கொடுத்திருது. சிவன் கோபத்தில் மண்வெட்டியால ஒரு போடு போட, நந்தியோட தாடை உடைஞ்சிருது. ஆனி மாசம் இங்கே நாத்து நடவுத் திருவிழா நடக்கிறது இந்தக் கதையை வெச்சுத்தான்.

நல்லா யோசிச்சுப் பாருங்க. கடவுளே கடன்காரருக்குப் பயந்து கூலி வேலைக்குப் போற இடம் எது? நெல் வயல். மழை மறைவுப் பகுதியில் நெல் வயல் எப்படி வந்துச்சு? வாய்க்கால். அந்தக் கதை நடக்கணும்னாலே அணைக்கட்டு வேலை செஞ்சிருக்கணும். இன்னிக்குச் சிறுவாணி ரோட்டில் மேற்கே போனா பாக்குத் தோப்பும் தென்னந்தோப்பும்தான் அதிகமாக் கண்ணில் படும், ஆனா தண்ணி அதே தண்ணி.

கோயிலைப் பார்த்துட்டு அப்படியே வண்டி எடுத்துடாதீங்க. படித்துறைக்கு நடந்து போங்க. ஆடிப் பெருக்கு, அமாவாசைன்னா கூட்டம் நிறைஞ்சிருக்கும். இறந்தவங்களுக்குத் திதி கொடுக்க வர்றவங்க இங்கேதான் வர்றாங்க. பல மாசம் ஆத்தில் அதுக்குத் தேவையான தண்ணி கூட இருக்காது. படி இருக்கு, ஆறு இல்லைங்கிற காட்சியையும் பார்க்கணும். அதுவும் கோவைதான்.

தோட்டம்: பூவுக்கு இல்லை, விதைக்கு

மைசூர் லிஸ்டில் அடுத்தது கார்டன். பிருந்தாவனம் ஒரு அணையோட காலடியில் இருக்கிற அலங்காரத் தோட்டம். கோவையோட பழைய தோட்டங்கள் வேலைக்காகப் போட்ட தோட்டங்கள்.

லாலி ரோடு பக்கம் வேளாண்மைப் பல்கலைக்கழகம். சைதாப்பேட்டையில் 1868-ல் விவசாயப் பள்ளியா ஆரம்பிச்சது, 1900களின் தொடக்கத்தில் இங்கே வந்துச்சு, 1971-ல் பல்கலைக்கழகம் ஆச்சு. உள்ளே தாவரவியல் பூங்கா இருக்கு. குழந்தைகளோட வந்தா 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தையும் விட்டுடாதீங்க. கிருஷ்ணாம்பதி குளமும் இந்தப் பக்கம்தான்.

இந்த வட்டாரத்தில் நடந்த ஒரு விஷயம் உங்க டீ கப்பில் இருக்கு. 1912-ல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினாங்க. அப்போ வட இந்தியாவில் விளைஞ்ச கரும்பு ஒல்லி, சாறு கம்மி. தென்னிந்தியாவோட தடிச்ச கரும்பு அந்தக் குளிரைத் தாங்காது. இங்கே இருந்த பார்பர், வெங்கட்ராமன் ரெண்டு பேரும், 'வெள்ளை'ங்கிற நல்ல கரும்பையும் கோவையில் தானா வளர்ற பேய்க்கரும்பையும் கலந்தாங்க. பேய்க்கரும்புன்னா ஆத்தோரம், வாய்க்கால் ஓரம் முளைக்கிற நாணல் மாதிரிப் புல். அதை யாரும் கரும்புன்னே மதிக்க மாட்டாங்க. அந்தக் கலப்பில் வந்தது கோ 205, 1918-ல் வட இந்தியாவுக்குப் போச்சு. 'கோ'ன்னா கோயம்புத்தூர். பின்னாடி ஜானகி அம்மாள் மாதிரி தாவரவியலாளர்கள் இங்கே வேலை செஞ்சாங்க. இன்னிக்கும் இந்தியா முழுக்க விவசாயிங்க 'கோ' நம்பர் சொல்லித்தான் கரும்பைப் பேசுறாங்க. ஒரு ஊரோட பேர் அரண்மனை வாசலில் இருக்கிறதை விட வயலில் இருக்கிறது பெருமைதானுங்களே?

ஆர்.எஸ். புரம் பக்கம் வந்தா வனக் கல்லூரி வளாகத்தில் காஸ் வன அருங்காட்சியகம். 1902-ல் திறந்தது. மரத் துண்டுகள், பாடம் பண்ணின விலங்குகள், பழைய மர அலமாரி வாசனை. சின்ன இடம், ஒரு மணி நேரம் போதும். போறதுக்கு முன்னாடி திறந்திருக்கான்னு கேட்டுட்டுப் போங்க.

புதுசா ஒரு தோட்டமும் இருக்கு. 2010-ல் இங்கே நடந்த செம்மொழி மாநாட்டில் அறிவிச்ச செம்மொழிப் பூங்கா, காந்திபுரத்தில் மத்திய சிறை நிலத்தில் 45 ஏக்கரில் வந்து, 2025 நவம்பரில் திறந்தாச்சு. அழகா இருக்கு, குடும்பத்தோட போகலாம். போறப்போ ஒன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. இந்தச் சிறையில்தான் வ.உ.சி. 1908-ல் இருந்து 1910 வரைக்கும் இருந்தார், செக்கு இழுத்தார். கப்பல் ஓட்டினவரை மாடு மாதிரி ஓட்டின இடம்.

ஊர் குளத்துக்கு முதுகைக் காட்டின கதை

இப்போ ஊர் நடுவுக்கு வர்றோம். டவுன்ஹால். 1892-ல் விக்டோரியா ராணி பேரில் கட்டின மண்டபம். பக்கத்தில் கோனியம்மன் கோயில், மாசியில் தேர். அவினாசி ரோட்டில் தண்டு மாரியம்மன். 'தண்டு'ன்னா படை முகாம். திப்புவோட படையில் இருந்த ஒரு வீரரோட சேர்த்து அந்தக் கோயில் கதையைச் சொல்றாங்க. ஒப்பணக்கார வீதியில் அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல். பாதையில் வந்தவங்க எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் தங்கின ஊர்ங்கிறது இங்கே நடந்தாலே தெரியும்.

கோவையில் இன்னொரு வகைக் கோயிலும் இருக்கு, வெளியூர்க்காரங்க கேட்டா நம்ப மாட்டாங்க. பிளேக் மாரியம்மன். நிஜமாவே அதுதான் பேர். 1900களின் தொடக்கத்தில் பிளேக் இந்த ஊரைத் திரும்பத் திரும்ப அடிச்சுது. நெருக்கமான தெரு, சுத்தமில்லாத தண்ணி. பயத்தில் ஜனங்க அம்மனுக்கே நோயோட பேரை வெச்சுக் கும்பிட்டாங்க.

நகராட்சி வேற வழி தேடுச்சு. ரத்தினசபாபதி முதலியார் தலைமையில் சிறுவாணித் திட்டத்துக்கு உழைச்சாங்க. ஆர்.எஸ். புரம்னு நாம சுருக்கிச் சொல்றது அவர் பேர்தான். 1920களின் கடைசியில் மலையில் இருந்து குழாய் வழியா சிறுவாணி ஊருக்குள்ள வந்துச்சு. அது எவ்வளவு பெரிய விடுதலைன்னு இன்னிக்கு நமக்குப் புரியாது. "உலகத்திலேயே ருசியான தண்ணி எங்க ஊர்த் தண்ணி"ங்கிற பெருமை அங்கே ஆரம்பிச்சதுதான்.

கிட்டத்தட்ட அதே சமயத்தில் இன்னொன்னும் வந்துச்சு, கரண்ட். ஸ்டேன்ஸ் மில் 1888-லேயே இருந்துச்சு. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் மளமளன்னு எழும்புச்சு. மில் சங்குதான் ஊருக்குக் கடிகாரம். வயலில் இருந்தவங்க மில்லுக்கு வந்தாங்க. அப்புறம் ஃபவுண்டரி, பம்ப்செட், கல்லூரி, இப்போ எங்க ஐ.டி. கம்பெனிகள்.

இந்த ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. குடிக்கக் குளம் வேண்டாம், குழாய் இருக்கு. பொழைக்க வயல் வேண்டாம், மில் இருக்கு. அப்போ குளம் எதுக்கு? யாரும் கெட்ட எண்ணத்தில் முடிவு எடுக்கல. ஆனா தேவை போனதும் கவனமும் போயிருச்சு. வாய்க்காலில் சாக்கடை விட்டாங்க. குளத்து ஓரத்தில் குப்பை கொட்டினாங்க. போக இடம் இல்லாதவங்க கரையில் குடிசை போட்டாங்க. ஆகாயத்தாமரை மூடிக்கிச்சு. கீழ்நிலையில் இன்னும் மோசம். திருப்பூர் சாயக் கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்காக 1992-ல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணி தேங்குற தொட்டியா ஆச்சு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. ரோமுக்கு மணி ஏத்துமதி பண்ணின கொடுமணலும் அதே ஆத்துக் கரைதான்ங்கிறதை மறந்துராதீங்க.

இன்னிக்குக் குளத்தை எப்படிப் பார்க்கிறது?

2016-ல் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலிலேயே கோவை வந்துச்சு. அந்தப் பணத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன் குளம்னு கரைகளைச் சீரமைச்சாங்க. நடைபாதை, லைட், உட்கார இடம், போட்டோ எடுக்க வளைவு. சாயங்காலம் போனா கூட்டம் அள்ளும். எனக்கும் பிடிக்கும். காசு செலவில்லாம ஒரு குடும்பம் காத்து வாங்க இந்த ஊரில் இடமே இல்லாம இருந்துச்சு, இப்போ இருக்கு. அது சின்ன விஷயம் இல்லை.

அந்த நடைபாதைக்கு ஒரு விலையும் இருந்துச்சு. கரையில் பல வருஷம் குடியிருந்த குடும்பங்களைக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாத்தினாங்க. உக்கடம் மார்க்கெட்டில் விடிகாலை வேலை பார்க்கிறவருக்குக் கீரணத்தம் எவ்வளவு தூரம்னு மேப்பில் போட்டுப் பாருங்க. சிமென்ட் வீடு கிடைச்சுது, வேலை தூரமாயிருச்சு. குளத்தை மீட்கணும், சரி. அந்தக் கணக்கில் இவங்க நடையும் சேரணும்.

அடுத்த கேள்வி தண்ணி. கரை அழகானா குளம் சரியாயிருச்சுன்னு அர்த்தம் இல்லை. அதுக்குத்தான் முன்னாடியே சங்கிலியைச் சொன்னேன். அடுத்த தடவை குளத்துக்குப் போனா, செல்ஃபி எடுத்து முடிச்சதும், மூணு விஷயம் தேடுங்க.

ஒன்னு, வாய். தண்ணி எந்தப் பக்கம் இருந்து உள்ளே வருது? வர்றது ஆத்துத் தண்ணியா, சாக்கடையா? மூக்கே சொல்லிரும்.

ரெண்டு, கலிங்கு. நிரம்பினா எங்கே வழியும்? அந்த வழி திறந்திருக்கா, இல்லை நடுவுல கட்டடம் நிக்குதா? கனமழையில் எந்தத் தெருவில் தண்ணி நிக்குதோ, அந்தத் தெரு பல சமயம் பழைய வாய்க்காலோட அட்ரஸ்தான்.

மூணு, பறவை. கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் வருதுன்னா மீன் இருக்கு, ஆழம் குறைஞ்ச சேத்து ஓரம் இருக்கு. சுத்தியும் கான்கிரீட் சுவர் எழுப்பினா அந்த ஓரம் போயிரும், குளம் தொட்டி ஆயிரும். வித்தியாசம் பார்க்கணும்னா திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் குளத்துக்குப் போங்க. 2017-ல் மாநகராட்சி அதைப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமா அறிவிச்சுது. லைட் கம்மி, உயிர் அதிகம்.

இது ஏன் வெறும் டூரிஸ்ட் விஷயம் இல்லைன்னு ஒரு வரியில் சொல்றேன். சிறுவாணி அணை கேரளாவில் இருக்கு, மலையில் மழை தவறினா இங்கே குழாய் வத்தும். போர்வெல் வருஷா வருஷம் ஆழமாப் போகுது. நிலத்தடிக்குத் தண்ணி இறக்குற வேலையைச் சத்தமில்லாம செய்யறது இந்தக் குளங்கள்தான். கோவையில் பேக்கப்னு ஒன்னு இருந்தா அது இதுதான்.

ஒரு நாள் ரூட்

சரி, கேட்ட கேள்விக்குக் கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பிளான். விடிகாலை பேரூர். கனகசபை, அப்புறம் படித்துறை. அங்கே இருந்து வர்ற வழியில் செல்வசிந்தாமணி குளம். வெயில் ஏறுறதுக்குள்ள வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா, பூச்சி அருங்காட்சியகம். ஆர்.எஸ். புரத்தில் காஸ் மியூசியம், அங்கேயே சாப்பாடு, சாம்பாரை வாளியில் கேளுங்க. மதியம் டவுன்ஹால், கோனியம்மன், ஒப்பணக்கார வீதி, கோட்டைமேடு, எல்லாம் நடக்கிற தூரம். சாயங்காலம் உக்கடம் பெரியகுளம். ரெண்டாவது நாள் கையில் இருந்தா காலையில் சிங்காநல்லூரில் பறவை, அப்புறம் அப்படியே கிழக்கே சூலூர். இன்னும் தெம்பு இருந்தா நொய்யலைப் பிடிச்சு கொடுமணல் வரைக்கும் போலாம்.

உள்ளூர் நேயர்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற குளம் எது, அதுக்கு முன்னாடி குளம் எது, அடுத்தது எது? வீட்டில் பெரியவங்ககிட்டக் கேளுங்க, அப்புறம் போய் நடந்து பாருங்க. வாய்க்கால் எந்த இடத்தில் காணாமப் போகுதோ அங்கே நின்னு ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. வர்றதை எல்லாம் தொகுத்து இன்னொரு எபிசோடு பண்ணிடலாம்.

அடுத்த வாரம் பார்ப்போமுங்க. தண்ணி குடிச்சீங்களா? குடிங்க.